வீட்டில் கட்டிய கைக்கடிகாரம்

துணி மாட்டும் மரக் கிளிப்புகள் இரண்டு, டிராயிங் பின்கள் இரண்டு, மின்காப்பு உறையிட்ட கம்பித் துண்டு ஒன்று. இவற்றை உங்களிடம் கொடுத்து, "ஒரு கைக்கடிகாரத்தைச் செய்து முடியுங்கள்" என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் 1970களின் நடுவில், இங்கிலாந்தில் வானொலிப் பொழுதுபோக்கு ஆர்வலர்களுக்கென வெளிவந்த மாத இதழ் ஒன்று இவற்றைத்தான் பரிந்துரைத்தது. தபாலில் வாங்கிய உதிரிப் பாகங்களைக் கொண்டு வீட்டிலேயே கட்டும் மின்னணுக் கைக்கடிகாரத்தில், மின்கலங்களை அவற்றிற்குரிய இடத்தில் அமர்த்துவதற்கான உபாயம் அது!

அந்தக் கடிகாரத்தின் பெயர் 'பிளாக் வாட்ச்'. அதன் கதை ஒரு தோல்வியின் கதை. ஆயினும், மின்னணுக் கடிகாரம் ஒன்றைத் தாமே செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் வெற்றிக் கதைகளைவிட இக்கதையிலிருந்து மிகுதியாகக் கற்றுக்கொள்ளலாம்.

தாளமும் கணக்கும்

எந்தக் கடிகாரத்திற்கும் இரண்டு உறுப்புகள் தேவை. ஒன்று, மாறாத தாளத்தில் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். மற்றொன்று, அந்த அசைவுகளை எண்ண வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் ஊசல் அசைகிறது, பற்சக்கரங்கள் எண்ணுகின்றன. மின்னணுக் கடிகாரத்தில் ஊசலின் இடத்தைக் குவார்ட்ஸ் படிகம் பிடித்துக்கொண்டது.

படிகங்கள் சிலவற்றை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி எனும் சகோதரர்கள் கண்டறிந்தனர். மின்னழுத்தம் தந்தால் படிகம் நெளியும் என்பது இதன் மறுபக்கம். இப்பண்பைக் கொண்டு 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன், ஜே. டபிள்யூ. ஹார்ட்டன் இருவரும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை உருவாக்கினர். வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அக்கருவி ஆய்வகத்தில்தான் இருக்க முடிந்தது. அது மணிக்கட்டுக்கு வந்துசேர மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சைக்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென்!

இன்று பெரும்பாலான குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களில் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விந்தையான எண்? பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். 32,768ஐ இரண்டால் வகுங்கள், 16,384 வரும். மீண்டும் வகுங்கள், 8,192. இவ்வாறு 15 முறை வகுத்தால் சரியாக 1 எஞ்சும். அதாவது நொடிக்கு ஒரு துடிப்பு. இரண்டால் வகுப்பது மின்னணுச் சுற்றுக்கு மிக எளிய வேலை. 'பிளிப்-பிளாப்' என்னும் இருநிலைச் சுற்றுகள் பதினைந்தை வரிசையாக இணைத்தால் போதும். அதற்கடுத்து 60 வரை எண்ணும் சுற்று, மீண்டும் 60, பின்னர் 12. கடிகாரம் தயார்!

இவ்வளவு எளிதா? தாளில் எளிதுதான்.

17 பவுன் 95 பென்ஸ்

முட்கள் இல்லாமல் எண்களாலேயே மணி காட்டிய முதல் மின்னணுக் கைக்கடிகாரம் 'பல்சார்'. அமெரிக்காவின் ஹாமில்ட்டன் நிறுவனம் 1972இல் இதனைத் தங்கக் கூட்டில் வைத்து 2,100 டாலருக்கு விற்றது. செல்வர்கள் மட்டுமே வாங்கக்கூடிய பொருள் அது.

மூன்று ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேர் என்பவரின் நிறுவனம் சிறிய வானொலிகளையும் ஒலிபெருக்கிச் சுற்றுகளையும் உதிரிப் பாகத் தொகுப்புகளாகத் தபாலில் விற்றுப் பெயர் பெற்றிருந்தது. 1975இல் அது பிளாக் வாட்சை அறிவித்தது. கட்டி முடித்த கடிகாரம் 24 பவுன் 95 பென்ஸ். தாமே கட்டிக்கொள்வோருக்கு 17 பவுன் 95 பென்ஸ் மட்டுமே. எண்ணும் வேலை முழுவதையும் ஒரே சிலிக்கான் சில்லு செய்தது. கறுப்புப் பிளாஸ்டிக் உறையின் முகத்தை ஓரிடத்தில் அழுத்தினால் மணியும் நிமிடமும், மற்றோரிடத்தில் அழுத்தினால் நிமிடமும் நொடியும் சிவப்பாக ஒளிர்ந்தன.

பற்றவைப்புக் கோல் பிடிக்கத் தெரிந்த எவரும் வருங்காலத்தைத் தம் கையில் கட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை அது ஊட்டியது. பலரும் ஆவலோடு பணம் அனுப்பினர்.

மூன்று பகைவர்கள்

கடிகாரம் மேசையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியதும் மூன்று பகைவர்கள் வெளிப்பட்டனர்.

முதற்பகை, மின்பசி. பிளாக் வாட்சின் மின்கலங்கள் ஏறத்தாழப் பத்து நாள்களே தாங்கின. ஒளியுமிழ் டயோடுகள் மின்னோட்டத்தைக் குடிப்பவை. அதனால்தான் அழுத்தும்போது மட்டும் ஒளிரும்படி அமைத்திருந்தனர். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்று கடைகளில் கிடைக்கும் சிஆர் 2032 வகைப் பொத்தான் மின்கலம் சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி திறனுடையது. எண்காட்டி 10 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டு இடைவிடாமல் ஒளிர்ந்தால், அது 22 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் சுற்று முழுவதும் ஒரு மைக்ரோ ஆம்பியர் மட்டுமே எடுத்தால், கணக்கின்படி 25 ஆண்டுகள் வரும்! (மின்கலம் அதற்கு முன்பே தானாக முதுமை அடைந்துவிடும் என்பது வேறு.)

இரண்டாம் பகை, நிலைமின்னேற்றம். வறண்ட நாளில் நைலான் சட்டையைக் கழற்றும்போது 'படபட' எனப் பொறி தெறிப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பொறி நமக்கு வேடிக்கை, சில்லுக்கோ மரணம். நைலான் ஆடையின் உரசலே பிளாக் வாட்சின் சில்லைப் பழுதாக்கியது. சில சமயம் ஓர் எண் அணையாமல் முழு ஒளியுடன் நின்றுவிடும். மின்கலம் அதன் சுமை தாங்காமல் கெடும்.

மூன்றாம் பகை, வெப்பநிலை. கடிகாரப் படிகம் 25 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பநிலையில்தான் தன் உச்ச வேகத்தில் அதிர்கிறது. சூடு ஏறினாலும் இறங்கினாலும் வேகம் குறையும். வழக்கமான படிகம் ஒன்றை 45 டிகிரியில் வைத்தால் நாளொன்றுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல் பின்தங்கும். பிளாக் வாட்சின் வேகமும் வெப்பநிலைக்கு ஏற்ப மாறியது. போதாக்குறைக்கு, கட்டி முடித்தவர் 'டிரிம்மர்' எனும் சிறு மின்தேக்கியைத் திருகித் திருகி, கடிகாரத்தைச் சரியான வேகத்திற்குக் கொண்டுவர நான்கு நாள்கள் செலவிட வேண்டியிருந்தது.

பழுதடைந்த கடிகாரங்கள் நிறுவனத்திற்குத் திரும்பிக் குவிந்தன. நிறுவனம் இழப்பில் மூழ்கியது. 1976இல் பிரிட்டிஷ் அரசின் தேசியத் தொழில் வாரியம் முதலீடு செய்து அதனைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காலத்தை எண்ணுவதில் அந்தக் கடிகாரம் தோற்கவில்லை. பதினைந்து முறை இரண்டால் வகுக்கும் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. வியர்வையும் உரசலும் வெயிலும் குளிரும் நிறைந்த மனித மணிக்கட்டில், கடுகளவு ஆற்றலைக்கொண்டு பிழைத்திருப்பதில்தான் அது தோற்றது.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. தானே ஒளிராமல், விழும் ஒளியை மறித்துக் காட்டும் திரவப் படிக எண்காட்டியைக் கொண்ட ஆறு இலக்கக் கடிகாரத்தை 1973இலேயே சைக்கோ வெளியிட்டிருந்தது. நிலை மாறும் கணத்தில் மட்டுமே குறிப்பிடத்தக்க மின்னோட்டம் எடுக்கும் 'சிமாஸ்' வகைச் சில்லுகளும் மலிவாயின. இவ்விரண்டும் இணைந்தபோது, பொத்தானை அழுத்தாமலேயே இரவு பகலாக மணி காட்டும் கடிகாரம் பிறந்தது. 1970கள் முடிவதற்குள் சிவப்பு எண்கள் கைக்கடிகாரச் சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்தன.

உங்கள் மேசையில்

இன்று ஒரு நுண்கட்டுப்படுத்தி, 32,768 ஹெர்ட்ஸ் படிகம், பொத்தான் மின்கலம் ஆகியவற்றை எந்த மின்னணுப் பொருள் கடையிலும் வாங்கலாம். நீங்களும் ஒரு கைக்கடிகாரம் கட்டலாம். ஆனால் அழகிய எண்காட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் பல்பயன் அளவியை எடுங்கள். சுற்றுடன் தொடராக இணைத்து, அது உறங்கும்போது எவ்வளவு, விழித்திருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று அளந்து குறியுங்கள். சில்லைத் தொடுமுன் புவியிணைப்புள்ள உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். கட்டி முடித்த பின், நம்பகமான நேரத்தோடு நான்கு நாள்கள் ஒப்பிடுங்கள். நான்கு நொடி பிசகினால் நாளொன்றுக்கு ஒரு நொடி. அதாவது 86,400இல் ஒரு பங்கு. அதையும் உங்களால் திருத்த முடியும்.

முதல் முயற்சியில் உங்கள் கடிகாரம் பத்து நாளில் நின்றுபோனால் மனம் தளராதீர்கள். தேர்ந்த பொறியாளர்களின் கடிகாரமும் அப்படித்தான் நின்றது. ஏன் நின்றது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பதினோராம் நாள் பற்றவைப்புக் கோலை மீண்டும் சூடாக்குங்கள்.