மருந்துக்கு மசியாத நோய்: தோட்டக் காய்ச்சல் முதல் நுரையீரல் புற்றுவரை



நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர் இல்லங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. தொடக்கத்தில் குணம் தந்த மருந்து பின்னர் ஏன் பயனற்றுப் போகிறது? இதற்கான விடையை நம் தோட்ட வராலாற்றிலிருந்தே தொடங்கலாம்.

பேரா மாநில ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோரை வாட்டிய கொடுநோய் மலேரியா. கசக்கும் கொய்னாவே அன்றைய மருந்து. 1945-இல் பிரித்தானிய வேதியியலாளர்கள் பாலுட்ரின் என்னும் புதிய மருந்தை அறிவித்தனர். மலாயாவிலும் அது வழங்கப்பட்டது. ஆனால், 1950-க்குள்ளாகவே அதற்கு மசியாத மலேரியா மலாயாவில் கண்டறியப்பட்டது.

அதே காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவில் அமினோப்டெரின் என்னும் மருந்தை உருவாக்கியது. 1947 இறுதியில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதனை இரத்தப் புற்றுநோய்ச் சிறாருக்கு அளித்தார். நோய் தணிந்தது, சில மாதங்களில் மீண்டும் தலைதூக்கியது.

இவ்விரு மருந்துகளும் உறவுடையவை. உயிரணு பெருகத் தேவையான ஒரே வகை நொதியை இரண்டும் முடக்குகின்றன. இன்று நுரையீரல் புற்றுக்குத் தரப்படும் பெமெட்ரெக்செட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

நோய் தப்புவது எவ்வாறு? மலேரியாக் கிருமியில் அந்நொதியின் வடிவம் மாறுகிறது. மருந்து அதில் பொருந்துவதில்லை. புற்றணுவோ, நொதிக்கான மரபணுவையே பன்மடங்காக்கிக்கொள்ளக்கூடும். 1978-இல் ராபர்ட் ஷிம்கேயின் குழு இதனை மெய்ப்பித்தது. உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் புற்றணுக்களும் உண்டு. சிஸ்பிளாட்டின் சிதைத்த மரபிழையைச் செப்பனிட்டுக்கொள்பவையும் உண்டு.

கோடிக்கணக்கான அணுக்களுள் இத்தகைய சில, சிகிச்சைக்கு முன்பே இருக்கக்கூடும். சில இடையில் தோன்றுகின்றன. மருந்து ஏனையவற்றை அழிக்க, இவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. தெலுக் இந்தானில் 1990களின் இறுதியில் களைக்கொல்லிக்கு மடியாத புல் கண்டறியப்பட்டதும் இவ்விதியாலேயே.

ஆகவேதான் ஒன்றிலிருந்து தப்பும் அணுவை மற்றொன்று வீழ்த்தட்டும் என்று, 1960கள் முதல் மருத்துவர்கள் மருந்துகளைக் கூட்டாகத் தரலாயினர். நுரையீரல் புற்றுக்கும் அம்முறையே பெரிதும் கையாளப்படுகிறது. எனினும் நோய் சில வேளைகளில் அதனையும் மீறிவிடுகிறது.

மருந்து பலிக்காதபோது, "பத்தியம் தவறினார், மனவுறுதி இல்லை" என்று நோயாளியைப் பழிப்போர் நம்மிடையே உண்டு. மாறியது நோயின் அணு. தவறியது நோயாளி அல்லர். மருத்துவர் மருந்தை மாற்றுவதும் கைவிடுவதாகாது. இவ்வுண்மையை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்போம்.