உரிமம் பெற்ற ஆசிரியரும் இரண்டாம் மொழியும்

ஆங்கிலக் கல்வியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மெக்காலேயிலிருந்து தொடங்குவதே நம்மவர் வழக்கம். சிவகங்கைச் சீமையைப் பொறுத்தவரை அந்தக் கதை 1835க்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முந்தையது. வேலு நாச்சியார் 1780இல் தம் சீமையை மீட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த வேளையில், தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் தோன்றின. தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாய் இருந்த ஜான் சல்லிவன் இதற்குத் திட்டம் வகுத்தார். அதைச் செயற்படுத்தியவர் லுத்தரன் சபைக் குருவான சுவார்ட்சு. 1787இல் கம்பெனியின் இயக்குநர் அவை ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் வழங்க இசைந்தது.

சல்லிவனின் நோக்கம் அறிவுப் பெருக்கம் மட்டுமன்று. கம்பெனிக்கும் மக்களுக்கும் இடையே நின்ற துபாஷிகளை நம்பியே எல்லாக் காரியங்களும் நடைபெற்றன. அந்த நிலையை மாற்ற அவர் விரும்பினார். நிருவாகிகள் நிருவாகத்திற்காகத் திறந்த பள்ளிகள் அவை. எனினும் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கவனியாது கடந்துவிடும் ஒரு செய்தி ஈண்டு நோக்கத்தக்கது. பள்ளிகளை நடத்திய சுவார்ட்சு ஆங்கிலேயர் அல்லர். அவர் பிரஷ்ய நாட்டு ஜெர்மானியர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியன்று, கற்றுக்கொண்ட மொழி, தமிழும் அப்படியே. நம் பகுதியின் முதல் ஆங்கிலப் பள்ளிகளைத் தொடங்கி வைத்தவர், ஆங்கிலத்தைத் தாமும் பாடம் படித்துப் பெற்றவர்.

நம் திருச்சபையின் நினைவில் இத்தகையோர் பலர் உளர். ஓரியூரில் 1693இல் குருதி சிந்திய புனித அருளானந்தர் போர்த்துக்கீசியர். மறவர் நாட்டு மக்களோடு தமிழிலேயே உறவாடியவர். இயேசு சபையைச் சார்ந்த வீரமாமுனிவர் இத்தாலியர். அவரைச் 'சதுரகராதி' தந்த புலவராகவும் காவியம் பாடிய கவிஞராகவும் நாம் போற்றுகிறோம். மொழியாசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவராக அவரை எண்ணிப் பார்ப்பது அரிது. 1728இல் அவர் எழுதி முடித்த கொடுந்தமிழ் இலக்கணம், தமக்குப்பின் வரும் மறைபரப்பாளர் தமிழ் கற்பதற்காக இலத்தீனில் இயற்றப்பட்டது. வீட்டிலும் தெருவிலும் வழங்கும் தமிழுக்கு அதில் முதலிடம் கொடுத்தார். கற்போர் ஏற்கெனவே அறிந்திருந்த இலத்தீன் வழியாகவே அறியாத தமிழுக்கு அவர்களை இட்டுச் சென்றார். எந்த இடத்தில் அயலான் இடறுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தாமும் அதே இடத்தில் இடறியவர் அல்லவா? அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில் லுத்தரன் அச்சகத்திலேயே அச்சேறியது. சமயக் கருத்தில் அவரோடு கடுமையாக மோதிய தரப்பாரே அதனை வெளியிட நேர்ந்தது வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசிரியப் பணி அரசின் ஒழுங்குக்குள் வந்தது. 1856இல் சென்னை வேப்பேரியில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கி, பின்னர் சைதாப்பேட்டைக்கு இடம் பெயர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆசிரியருக்கென வழங்கிய பட்டத்திற்கு எல்.டி. என்று பெயர், 'லைசென்ஷியேட் இன் டீச்சிங்' என்பதன் சுருக்கம். கற்பிப்பதற்கு உரிமம் பெற்றவர் என்பதே அதன் நேர்ப்பொருள். பிற்காலத்தில் அது பி.டி. ஆயிற்று, பிறகு பி.எட். ஆயிற்று. பட்டத்தின் பெயர் மாறியும், பட்டதாரி ஆசிரியரை இன்றும் பேச்சில் 'பி.டி.' என்றே குறிப்பிடுகிறோம்.

இந்த உரிமத்துக்குள் ஒரு பழைய குழப்பம் பதுங்கியிருந்தது. கற்பித்தல் என்னும் கலையைப் பொதுவாகக் கற்றவர் எந்தப் பாடத்தையும் கற்பிப்பார் என்று கருதப்பட்டது. ஆனால் ஆங்கிலம் மற்றப் பாடங்களைப் போன்றதன்று. நிலவியல் ஆசிரியர் இமயமலைக்குச் சென்றிருக்க வேண்டுவதில்லை. ஆங்கில ஆசிரியரோ தாம் கற்பிக்கும் பொருளைத் தம் வாயிலேயே வைத்திருக்க வேண்டும். அவர் பேசும் பேச்சே மாணவனுக்குப் பாடநூல். அந்தப் பேச்சை அவருக்கு யார் தந்தார்கள்?

செட்டிநாட்டில் இக்கேள்விக்குத் தனி வலு உண்டு. பர்மா, இலங்கை, மலாயா எனக் கொண்டுவிக்கச் சென்றவர்கள் பேரேட்டையும் ஐந்தொகையையும் தமிழிலேயே எழுதினார்கள். வழக்குமன்றத்திலும் வங்கியிலும் ஆங்கிலத்தை எதிர்கொண்டார்கள். அது தெரிந்த மேலாளுக்குக் கிடைத்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடியைக் கல்விநகராக்கிய வள்ளல் அழகப்பர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 1947இல் கலைக் கல்லூரியைத் தொடங்கியவர், 1950இலேயே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையும் நிறுவினார். கல்லூரி எழுப்பிய மூன்றே ஆண்டுகளில் ஆசிரியரை உருவாக்கும் கல்லூரியும் வேண்டும் என்று உணர்ந்தது அவருடைய தொலைநோக்கு. செல்வர்கள் பலருக்குக் கட்டடம் எழுப்பத் தோன்றும். உள்ளே நின்று பேசப்போகிறவரைப் பற்றிய கவலை சிலருக்கே தோன்றும்.

அதே காலத்தில் சென்னை மாநிலம் ஆங்கிலப் பாடத்தின் போக்கையே மாற்ற முனைந்தது. இலக்கணச் சூத்திரமும் மொழிபெயர்ப்புமாக இருந்த பழைய முறையை விடுத்து, 1952இல் 'ஸ்ட்ரக்சுரல்' முறையிலான பாடத்திட்டம் கொண்டுவரப்பட்டது. ஆங்கில வாக்கிய அமைப்புகளை எளியவற்றிலிருந்து அரியவற்றுக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் பொருளும் செயலும் காட்டி வாய்மொழியாகப் பழக்குவது இதன் நெறி. 'திஸ் இஸ் எ புக்' என்று புத்தகத்தை உயர்த்திக் காட்டுவார் ஆசிரியர். 'ஐ ஆம் வாக்கிங் டு த டோர்' என்று சொல்லிக்கொண்டே கதவை நோக்கி நடப்பார். வகுப்பில் தமிழை இயன்றவரை ஒதுக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

பாடத்திட்டம் மாறிவிட்டது, ஆசிரியர் மாறவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப 1959ஆம் ஆண்டளவில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு மாநிலம் தழுவிய ஓர் இயக்கம் தொடங்கிற்று. முதலில் ஒரு சிறு குழுவினர்க்குப் பயிற்சி. அவர்கள் தத்தம் பகுதிக்குச் சென்று வேறு பலருக்குப் பயிற்சி அளிப்பர். அங்கிருந்து அது ஊர்ப்புற ஆசிரியர் வரை பரவும். உருள உருளப் பெருகும் பனிப்பந்து என்று இதனை ஆங்கிலேயர் உருவகித்தனர். 1962இல் டி. ஏ. ஸ்மித் என்பவர் இதுபற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இலக்கு சொல்லப்பட்டிருக்கிறது: 27,000 ஆசிரியர்கள். ஒரு மாநிலத்தின் தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர் அனைவரையும் ஒருசேர மறுபயிற்சிக்கு உட்படுத்த முனைந்த துணிவை உலகின் மொழிக்கல்வி வரலாறு இன்றும் குறிப்பிடுகிறது.

(ஒருவரிடமிருந்து பலருக்கு என்ற எண்ணம் சென்னைக்குப் புதிதன்று. 1789 முதல் இங்கு ஆதரவற்ற படைவீரர் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவரைக் கொண்டு இளையோருக்குக் கற்பித்த முறையைத்தான் 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார்.)

பனியை ஒருநாளும் பார்த்திராத நம் வறண்ட மண்ணில் அந்த உருவகம் பொருந்தியதா? சென்னை ஆங்கிலப் பயிற்சி இயக்கத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'மெல்ட்' என்று வரும். உருகுதல் என்பது அச்சொல்லின் பொருள். பெயரிட்டவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நடந்தது ஏறக்குறைய அதுவே. உச்சியில் முறையின் உட்பொருள் விளங்கிற்று. அடுத்த படியில் விளக்கம் குறைந்தது. அடியில் நின்றவருக்குச் செய்கைகள் மட்டும் எஞ்சின. கதவை நோக்கி நடக்க அவருக்குத் தெரியும். ஏன் நடக்க வேண்டும் என்பது தெரியாது. வரிசையில் இல்லாத ஒரு கேள்வியை மாணவன் கேட்டுவிட்டால் விடை சொல்லப் போதிய ஆங்கிலமும் அவரிடம் இல்லை. சில நாள் பயிற்சி செய்கையைத் தரும், பேச்சைத் தராது. அவருக்குத் துணையாயிருந்த தமிழையும் ஒதுக்கச் சொன்னோம். இலத்தீனைக் கைப்பிடியாக்கித் தமிழ் கற்பித்த வீரமாமுனிவர் இதைக் கேட்டிருந்தால் வியந்திருப்பார்.

நான் இயக்கத்தைக் குறை கூறவில்லை. அதை வகுத்தோர் நேர்மையாளர். ஊர்ப்புறப் பிள்ளைக்கும் ஆங்கிலம் எட்ட வேண்டும் என்று உழைத்தவர்கள். ஆங்கிலம் கான்வென்ட் மதிலுக்குள் அடைபட்டிருக்கக் கூடாது என்று கருதியவர்களுக்கு, அந்த மதில்களில் பலவற்றை எழுப்பிய நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள். 1958இல் ஐதராபாத்திலும் 1963இல் பெங்களூரிலும் ஆங்கிலப் பயிற்சிக்கான நிறுவனங்கள் எழுந்தன. ஆசிரியருக்கு நீண்ட பயிற்சி தேவை என்பதன் ஒப்புதலாகவே அவற்றை நான் காண்கிறேன்.

பெங்களூர் நிறுவனத்தோடு இணைந்து, 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய ஆய்வுத் திட்டத்தில் சென்னை, கடலூர்ப் பள்ளிகளும் இடம்பெற்றன. வாக்கிய அமைப்பைப் பழக்குவதை விட்டு, இரயில் அட்டவணையைப் படித்து வழி கண்டுபிடித்தல் போன்ற சிறு சிக்கல்களை மாணவர்க்குக் கொடுத்தார் அவர். சிந்தனை பொருளில் இருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் துணிபு. உலகெங்கும் பேசப்பட்ட திட்டம் இது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, 1990இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று. சிறந்த முறை என ஒன்று இல்லை. தாம் செய்வது பொருளுடையது என்ற உணர்வு ஆசிரியருக்குள் உயிரோடு இருக்கிறதா என்பதே வினா. அது இல்லாதபோது எந்த முறையும் சடங்காகிவிடும் என்று அதில் வாதிட்டார். செபமாலையை உருட்டும் விரல்களைக் கண்டு பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்று எல்.டி. இல்லை. அதனிடத்தில் ஆசிரியர் தகுதித் தேர்வு நிற்கிறது. தமிழகத்தில் முதல் தேர்வு 2012 சூலையில் நடந்தது. எழுதிய ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோரில் நூற்றுக்கு ஒருவர் கூடத் தேறவில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் எஞ்சியுள்ள ஆசிரியரும் இத்தேர்வில் தேற வேண்டும் என்றது. நம் பள்ளிகளைப் போன்ற சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற வினா பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. பல ஆண்டுகள் கற்பித்த ஆசிரியை ஒருவர் இரவில் தம் பிள்ளைகளின் பாடநூலோடு தமக்கான வழிகாட்டி நூலையும் விரித்து வைத்துக்கொண்டு அமர்வது நம் பங்குகளில் காணக்கூடிய காட்சியாகிவிட்டது.

தொடக்கநிலை ஆசிரியருக்கான தாளில் வினாக்கள் 150. அவற்றுள் ஆங்கிலத்திற்கு 30. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். சரியானதைக் குறித்தால் போதும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லேனும் வாய்திறந்து பேசாமலே அந்த முப்பதையும் பெற்றுவிடலாம். மறுநாள் அவர் மூன்றாம் வகுப்பில் நுழைவார்; நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று அவர் வாயையே பார்ப்பார்கள்.