மட்டக்களப்பு மான்மியமும் பொது நூலகத்தின் கடமையும்

பொது நூலகத்தினின்றும் ஒரு நூலை நீக்குமாறு கோரிக்கை எழுமிடத்து நூலகர் செய்யத்தக்கது யாது? மட்டக்களப்பின் வரலாற்று நூலொன்றை முன்வைத்து இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் ஏட்டுச்சுவடிகளை ஆதாரமாகக் கொண்டு 1962 இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, இப்பிரதேசத்தை ஆண்ட அரசர், குடியேறிய குலங்கள், கோயில்களில் அவ்வக் குடிக்குரிய வரிசைகள், ஊழியங்கள் என்பவற்றை எடுத்துரைக்கின்றது. குலங்களிடையே உயர்வு தாழ்வு கற்பிக்கும் பகுதிகளும் அதன்கண் உள. தம் முன்னோர் தாழ்த்திக் கூறப்படுதலைக் காணும் வாசகர் மனம் புண்படுதல் இயல்பே. அவ்வேதனையை அற்பமெனத் தள்ளுதல் நேர்மையன்று.

ஆயினும், நூலை அகற்றினால் இழிவு அகலுமோ? மான்மியத்தின் கூற்றுகள் யாவும் வரலாற்று உண்மைகளல்ல. வரிசை வகுத்தோர் சமூகத்தை எவ்வாறு நோக்கினர் என்பதற்கு அது சான்றாகும். அச்சான்று மறையின், தாழ்த்தப்பட்டோர் அதனை மறுத்துரைக்கும் வாய்ப்பும் உடன் மறையும். சா. இ. கமலநாதன், கமலா கமலநாதன் ஆகியோர் 2005 இல் ‘மட்டக்களப்புப் பூர்வ சரித்திரம்’ என்ற நூலைப் பதிப்பித்தனர். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவோரே பாடவேறுபாடுகளைக் கண்டு, எது பழமை, எது பிற்சேர்க்கை என வினவ இயலும்.

தமிழகத்திலும் இத்தகைய வழக்கொன்று எழுந்தது. கோயில் வழக்கமொன்றைச் சித்திரித்த பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010 இல் வெளிவந்தது. 2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பின் விளைவாக, அடுத்த ஆண்டு சனவரியில் ஆசிரியர் எழுத்தையே கைவிடுவதாக அறிவித்தார். 2016 யூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நூலைத் தடைசெய்ய மறுத்தது. விரும்பாதோர் படிக்காது விடலாம் என்பதே அதன் நிலைப்பாடு.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. எரியூட்டலும் நீக்கக் கோரிக்கையும் ஒன்றல்ல. எனினும், மறுபடி இல்லாத ஏடு ஒருமுறை போயின் மீளாது என்பதை அவ்வழிவு உணர்த்திற்று. பின்னர் எழுந்த புதிய கட்டடம் பழைய ஏடுகளை மீட்டுத்தரவில்லை.

பொது நூலகத் தொகுதிகள் அரசியல், சமயத் தணிக்கைக்கு உட்படலாகாது என்பது யுனெஸ்கோவின் 1994 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் கருத்து. ஆதலின், முறைப்பாட்டை எழுத்தில் பெறுதல், நூலை முழுமையாகப் படித்தல், காரணங்காட்டி விடையளித்தல், மறுப்பு நூலையும் அதே தட்டில் வைத்தல் ஆகிய நான்குமே நூலகர்க்குரிய நெறி எனக் கொள்வோம். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் எக்குடியினரும் தம் மறுப்பை எழுதி நூலகத்திற் சேர்ப்பிக்கும் நிலை உருவாதல் வேண்டும். மான்மியத்திற்குத் தக்க விடை அதுவேயாம்.