கூடாரத்தைத் தின்ற பங்கசு

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் தென் பசிபிக் தீவுகளில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் இடுப்புப் பட்டிகளும் வெகு விரைவில் இற்றுப்போயின. மழையும் புழுக்கமும் நிறைந்த ஊரில் துணி உளுத்துப்போவது எங்கள் அம்மம்மாமாருக்குப் புதினமான விடயமன்று. இராணுவத்துக்கோ அது பெருஞ் செலவு. படைக்கு உடையும் உணவும் வழங்கும் பிரிவு, உளுத்த துணிகளிலிருந்து நுண்ணங்கிகளைப் பிரித்தெடுத்துச் சேகரிக்கத் தொடங்கியது. சொலமன் தீவுகளில் ஒரு கூடாரத் துணியில் கிடைத்த பச்சைப் பங்கசுக்கு அப்பிரிவின் தலைப்பெழுத்துக்களோடு கியூ.எம். 6ஏ என்று இலக்கமிட்டார்கள்.

அழிப்பதற்காகத் தேடிப் பிடித்த இந்தப் பங்கசுதான் இன்று உயிரியற் பொருளாதாரம் என்று பேசப்படும் துறையின் அத்திவாரங்களில் ஒன்று. வைத்தியம் படித்த எம்மைப் போன்றவர்கள் நுண்ணங்கி என்றதும் முதலில் நோயை நினைக்கவே பழகியிருக்கிறோம். ஆதலால் இந்த வரலாறு எங்கள் காதுக்கு எட்டப் பல காலம் சென்றது.

துணி உளுப்பது எப்படி என்று ஆராய்ந்தவர் எல்வின் றீஸ். பருத்தி என்பது செலுலோசு. செலுலோசு என்பது குளுக்கோசு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. அதை ஒரு நொதியம் தனித்து அறுப்பதில்லை, பல நொதியங்கள் கூடியே அறுக்கின்றன என்ற கருத்தை அவர் 1950இல் முன்வைத்தார். மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நேற்றிக் நகர இராணுவ ஆய்வுகூடத்தில், 1950களின் நடுப்பகுதியில் அவரோடு இணைந்தவர் மேரி மன்டெல்ஸ்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உணவாகச் செலுலோசு கிடைக்கும்போதுதான் இந்தப் பங்கசு செலுலேசு நொதியங்களைத் தாராளமாகச் சுரக்கும். கரையாத நாரொன்று கலத்தினுள் புகாமலே எப்படிக் கட்டளை கொடுக்கிறது? சொபோரோசு என்ற சிறு வெல்லம் அந்தச் சுரப்பை மிக வலுவாகத் தூண்டுவதை மன்டெல்ஸ் குழுவினர் 1962இல் காட்டினர். பின்னர் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, கூடுதலாகச் சுரக்கும் விகாரிகளைத் தேர்ந்தெடுத்தனர், கியூ.எம். 9414 அவற்றுள் பெயர் பெற்றது. பென்சிலின் தரும் பங்கசை மேம்படுத்தியதும் இதே வழியில்தான். 1973இல் எண்ணெய் விலை ஏறியதும், கழிவுக் கடதாசியிலிருந்து குளுக்கோசும் அதிலிருந்து எதனோலும் பெறும் இவர்களுடைய திட்டம் திடீரெனப் பலரது கவனத்துக்கு வந்தது.

1977இல் பங்கசுக்கு றீஸைக் கௌரவித்து ட்ரைக்கோடேர்மா றீசெயி என்று பெயர் சூட்டப்பட்டது. மன்டெல்ஸின் பெயர், அதை வளர்க்கும் திரவத்தின் செய்முறையில் நிலைத்தது. ஆய்வுகூடங்களில் இன்றும் "மன்டெல்ஸ் ஊடகம்" கரைக்கிறார்கள். அங்கீகாரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை அறிய இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம் என்றே நினைக்கிறோம். அடுத்த தலைமுறையில் நிலைமை சற்று மாறியது. பின்லாந்தில் துவுலா தேரி குழுவினர் 1983இல் இதன் பிரதான செலுலேசின் பரம்பரையலகைப் பிரித்தெடுத்தனர். அதே நாட்டின் மேர்யா பென்ற்றிலா 1987இல் இப்பங்கசினுள் புதிய பரம்பரையலகுகளைப் புகுத்தும் முறையை அமைத்தார்.

2008இல் இதன் முழு மரபுத்தொகுதியும் வாசித்து வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 34 மில்லியன் மூலச் சோடிகள், 9,129 பரம்பரையலகுகள். செலுலோசை உடைப்பதில் இவ்வளவு கெட்டிக்காரனிடம் அதற்கான நொதியங்கள் மிகப் பல இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இருந்ததோ, தாவரச் சுவரை உடைக்கக்கூடிய, அதுவரை வாசிக்கப்பட்ட ஏனைய பங்கசுகளை விடக் குறைவு! ஆகவே கேள்வி மாறியது. எத்தனை பரம்பரையலகு என்பதல்ல, எது எப்போது எவ்வளவு வேலை செய்கிறது என்பதே கேள்வி. தொழிற்பாட்டு மரபுத்தொகுதியியல் என்பது இதுதான். றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான றட்-சி30 என்ற விகாரியில், குளுக்கோசு கண்டதும் சுரப்பை நிறுத்தும் கிறே1 என்ற பரம்பரையலகு துண்டாகியிருந்தது. தடுப்பு இல்லாததால் அது ஓயாமல் சுரந்தது. 2009இல் அந்த விகாரிகளை முழுமையாக வாசித்தபோது, தனி எழுத்து மாற்றங்கள் மட்டும் 223 தெரிந்தன. அவற்றுள் எது பயன் தருகிறது, எது வெறும் தழும்பு என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்தே அறியலாம்.

ஜீன்ஸை மென்மையாக்க நுரைக்கல்லுக்குப் பதிலாக இத்தகைய செலுலேசு நொதியங்கள் 1980களில் வந்தன. எமது நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் "என்சைம் வோஷ்" என்றால் இதுதான். சலவைத்தூளிலும் கோழித்தீனியிலும் பழச்சாற்றிலும் வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுப்பதிலும் இவற்றுக்கு இடமுண்டு.

தொழிற்சாலைகளில் இருக்கும் ட்ரைக்கோடேர்மா றீசெயி அனைத்தும் அந்த ஒரே கூடாரத் துணியின் சந்ததி. கலவி செய்யாத இனம் என்றே நீண்டகாலம் எண்ணப்பட்டது. 2009இல் வியன்னாவில் வெரேனா சைட்ல் குழுவினர், இச்சந்ததி முழுதும் ஒரே கலவி வகை என்றும், காட்டிலிருந்து பெற்ற எதிர்வகையோடு சேர்த்தால் இனம்பெருக்கும் என்றும் காட்டினார்கள்.

அந்தத் துணியை எடுத்துச் சென்ற காலத்தில், ஒரு நாட்டின் உயிரின வளத்துக்கு அந்நாட்டின் அனுமதி கேட்கும் சர்வதேச விதி இருக்கவில்லை. உயிரினப் பல்வகைமைச் சமவாயம் 1993இலும், பயன் பகிர்வுக்கான நகோயா நெறிமுறை 2014இலுமே நடைமுறைக்கு வந்தன. இவை பழைய சேகரங்களுக்குப் பின்னோக்கிப் பொருந்துவதில்லை. கியூ.எம். 6ஏ அமெரிக்க வளர்ப்புச் சேகரத்தில் 13631 என்ற இலக்கத்தில் இன்றும் இருக்கிறது. சிங்கராஜாவின் மண்ணை நாளை சோதிக்கப்போகும் எங்கள் தங்கைமார் அந்த விதிகளையும் சேர்த்துப் படித்துக்கொண்டே காட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கும்.