டி மார்கன், அகஸ்டஸ் (1806–1871)

பிரித்தானியக் கணித அறிஞர், தருக்கவியலாளர். 1806 ஜூன் 27 அன்று மதுரையில் பிறந்தார். தந்தை ஜான் டி மார்கன் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. பிறந்த சிறிது காலத்திலேயே குழந்தையின் வலக்கண் பார்வை போயிற்று. குழந்தைக்கு ஏழு மாதமானபோது குடும்பம் இங்கிலாந்து சென்றது. பத்து வயதில் தந்தையை இழந்தார்.

1823இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, 1827 கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். முதுகலைப் பட்டம் பெற இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அதற்கு இணங்காததால், கேம்பிரிட்ஜில் உயர் பதவிக்கான வழி அவருக்கு அடைபட்டது. மதச் சோதனை எதுவுமின்றித் தொடங்கப்பட்ட லண்டன் பல்கலைக்கழகம் (பின்னாளில் யுனிவர்சிட்டி கல்லூரி) 1828இல் அவரை முதல் கணிதப் பேராசிரியராக்கியது. அப்போது அவருக்கு வயது 21.

அந்தப் பதவியை அவர் இருமுறை துறந்தார். 1831இல், உடற்கூறியல் பேராசிரியர் ஒருவரை நிர்வாகம் நீக்கிய விதத்தை எதிர்த்து வெளியேறி, 1836இல் திரும்பினார். ஜேம்ஸ் மார்ட்டினோ யூனிடேரியன் சமயத்தவர் என்பதால் அவருக்குத் தத்துவப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டபோது, 1866இல் மீண்டும் விலகினார், அதன்பின் திரும்பவில்லை. எந்தத் தேற்றத்துக்கும் குறையாத பெருமை இந்த விலகல்களுக்கு உண்டு.

1838இல் அவர் எழுதிய கட்டுரை 'கணிதத் தொகுத்தறிதல்' என்னும் நிறுவல் முறைக்குப் பெயரும் தெளிவும் தந்தது. 'பென்னி சைக்ளோபீடியா'வுக்கு நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். 1847இல் 'ஃபார்மல் லாஜிக்' வெளிவந்தது. தருக்கவியல் கருத்தைத் திருடியதாக எடின்பரோவின் சர் வில்லியம் ஹாமில்டன் அவர்மீது சாட்டிய குற்றம் ஆதாரமற்றது. 'இதுவும் அதுவும்' என்பதன் மறுப்பு 'இதன்று அல்லது அதன்று'. 'இது அல்லது அது' என்பதன் மறுப்பு 'இரண்டும் அன்று'. இவையே டி மார்கன் விதிகள். 14ஆம் நூற்றாண்டில் ஓக்கமின் வில்லியம் சொற்களில் கூறியிருந்தவற்றைக் குறியீட்டுத் தருக்கத்துக்குள் கொண்டுவந்தவர் டி மார்கனே. கணினிச் சுற்றுகளிலும் தமிழ்நாட்டுப் பள்ளிக் கணிதத்திலும் இவை இன்று வழக்கில் உள்ளன.

ஏடா லவ்லேஸ் அவரிடம் கணிதம் பயின்றார். தில்லி ஆசிரியர் ராமச்சந்திரா பெருமம், சிறுமம் பற்றி எழுதிய நூலை 1859இல் நீண்ட முன்னுரையுடன் லண்டனில் மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். எந்த நிலப்படத்திலும் அண்டைப் பகுதிகள் வேறு நிறம் பெற நான்கு வண்ணங்கள் போதுமா என்னும் நான்கு வண்ணச் சிக்கலை மாணவர் ஒருவர் வழியாகக் கேட்டதும், 1852 அக்டோபர் 23 அன்றே டப்ளினிலிருந்த வில்லியம் ரோவன் ஹாமில்டனுக்கு எழுதினார். நான்கு போதும் என்பது 1976இல்தான் கணினி உதவியுடன் நிறுவப்பட்டது.

1865இல் தொடங்கிய லண்டன் கணிதக் கழகத்தின் முதல் தலைவர் அவர். 1871 மார்ச் 18இல் காலமானார். கழகம் அவர் பெயரால் மூன்றாண்டுக்கு ஒருமுறை வழங்கும் பதக்கத்தை 1884இல் முதலில் பெற்றவர் ஆர்தர் கேலி.