பழைய ஹைலக்ஸுக்குப் பால் ஜாயின்ட் வாங்கும் முன்...

2005 முதல் நம் சாலைகளில் ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ டீசல் பிக்கப்கள் இன்னும் பல தோட்டங்களில் உழைக்கின்றன. இவற்றின் முன்சக்கரத்தைப் பிடித்திருப்பது பால் ஜாயின்ட். அது கழன்றால், ஓடும்போதே சக்கரம் சாய்ந்து வண்டி கட்டுப்பாட்டை இழக்கும்.

வீகோவின் ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மீது அமர்ந்திருப்பதால், பாரத்தைக் கீழ் ஜாயின்ட்தான் சுமக்கிறது. எனவே கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக் வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தாலோ, ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ மாற்றிவிடுவதே நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

* டூ வீல், ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்குப் பாகம் வேறுபடலாம். கடையில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

* ஹாஃப்கட் கடையில் பழையதை வாங்காதீர்கள். உள்ளே தேய்ந்திருப்பது வெளியே தெரியாது.

* கிரீஸ் நிப்பிள் உள்ள வகை சேற்றுப் பாதைக்கு ஏற்றது. ஆனால் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்களுக்கு முழுதும் மூடிய வகையே பொருத்தம்.

* ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், மறுபக்கத்தையும் அன்றே சோதியுங்கள்.

மாற்றும்போது பழைய ஸ்பிலிட் பின்னைத் திரும்பப் போட விடாதீர்கள். வீல் அலைன்மென்ட் முடிந்த பிறகே குலை ஏற்றுங்கள்.