ஞாயிற்றுக்கிழமை ஓடாத எரிக் லிடல்

'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படம் பார்த்திருக்கீங்களா? 1981-ல வந்தது. 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமைன்னு, ஒலிம்பிக்ஸுக்குக் கப்பல் ஏறும்போதுதான் எரிக் லிடலுக்குத் தெரியவரும். நிஜத்துல பல மாசம் முன்னாடியே அவருக்குத் தெரியும். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்கணும்ங்கிற கட்டளைக்காக, தனக்குப் பலமான பந்தயத்தை விட்டுட்டு 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். 1924 ஜூலை, பாரிஸ். 47.6 விநாடியில் தங்கம்.

வழக்கமா கதையை இங்கேயே முடிச்சிடுவாங்க. எனக்கு அது போதல. கீழ்ப்படிஞ்சா பதக்கம் கிடைக்கும்ங்கிற கணக்கு மாதிரி ஆயிடுது.

லிடல் 1925-ல் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். 1943-ல் ஜப்பான் ராணுவம் அவரை வெய்சியன் முகாமில் அடைச்சது. அங்கே பெற்றோரைப் பிரிஞ்ச பிள்ளைங்க நிறைய பேர். அவங்களுக்குப் பாடமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார், ஞாயிறு தவிர. ஒரு ஞாயிறு பிள்ளைங்க தாங்களே ஹாக்கி ஆடப்போய், நடுவர் இல்லாம அடிதடி ஆயிடுச்சு. அடுத்த ஞாயிறு லிடலே நடுவராக வந்து நின்னார்.

அப்போ கட்டளையை மீறிட்டாரா? நான் அப்படிப் பார்க்கல. ஓய்வுநாளில் நோயாளிகளைக் குணமாக்கினவர் இயேசு. பாரிஸில் தனக்குக் கிடைக்கவேண்டிய பெயரை விட்டார்; முகாமில் பிள்ளைங்களுக்காகத் தன் வழக்கத்தையே விட்டார். ரெண்டுமே கீழ்ப்படிதல்தான்.

1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாசம் முன்னாடி, மூளைக் கட்டியால் முகாமிலேயே இறந்தார். வயசு 43.